நள்ளிரவு மணி

சிறுபாணாற்றுப்படை காட்டும் வழி, நம் சிறுசேரிக்குத் தெற்கே, இதே கடற்கரையை ஒட்டிச் செல்வது. அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பர் அறிஞர் பலர். அவ்வழியில் பாணனுக்கு விடுதி ஏதும் இல்லை. பரதவரும் எயினரும் உழவரும் தத்தம் மனையில் சோறிட்டனர். புகாரின் உலகவறவியை மணிமேகலையில் காணும்போது, வழிப்போக்கரை ஓம்பும் கடன் வீட்டுத் திண்ணையிலிருந்து பொது அம்பலத்துக்கு வந்துவிட்டதை உணர்கிறோம். பின்னாளில் அவ்வம்பலமே சத்திரமாயிற்று.

சத்திரங்களுள் தஞ்சை மராட்டியர் அமைத்தவை தனிச்சிறப்புடையன. காசியினின்றும் பிற நாடுகளினின்றும் இராமேசுவரம் நோக்கி நடந்தோர்க்காக எழுந்தவை அவை. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டாட்சியைக் கும்பினியாரிடம் இழந்த இரண்டாம் சரபோசி, 1801இல் தஞ்சை ரெசிடென்டுக்கு ஒரு மடல் வரைந்தார். நாட்டை இழந்தவர் அதில் வேண்டியது, சத்திர அறங்கள் குலையாதிருக்க வேண்டும் என்பதே. அங்கு நடப்பவற்றையும் விரித்துரைத்தார். வருவோர் அனைவர்க்கும் சோறு. நோயுற்றோர்க்கு மருந்தும் பத்தியமும். கருவுற்ற மகளிர்க்குப் பேணல். பெற்றோரை இழந்த சிறார்க்கு உணவும் கல்வியும். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் உளரோ எனக் கூவி அழைப்பதும் உண்டாம்.

தம் அறத்தைத் தாமே எடுத்துரைக்கும் மடலாதலின் சற்றுக் குறைத்தே மதிப்பிடலாம். எனினும் அந்த மணி எனக்குப் புனைந்துரையாகப் படவில்லை. புகழ் வேட்டவர் ஆயிரவர்க்குச் சோறிட்டேன் என்பார். உறங்கியவனை எழுப்பி ஊட்டினேன் என்று சொல்ல அவர்க்குத் தோன்றாது. பசித்தவன் வாயில் தேடி வருவது ஒருமுறை. வாயிலே பசித்தவனைத் தேடுவது பிறிதொன்று.

குறையையும் சொல்லிவிட வேண்டும். சமைத்த சோற்றை ஏற்காதார்க்கு அரிசியும் பிறவும் தனியே அளந்தனர் என்கிறது அம்மடல். அந்த அளவைக்குள் சாதி ஒளிந்திருக்கிறது. எல்லார்க்கும் சோறு உண்டு. எல்லார்க்கும் ஒரே பந்தி இல்லை.

மறைந்த தம் காதற்கிழத்தி முத்தாம்பாளின் நினைவாக 1802ஆம் ஆண்டளவில் ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய சத்திரம், தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் உள்ளது. அரசிக்கன்றி, முடிசூடா ஒரு பெண்ணுக்கு இத்துணைப் பெரிய நினைவிடம் அரிது.

புகைவண்டி வந்தபின் நடைவழிகள் வெறிச்சோடின. சத்திரங்களும் இருப்புப்பாதையை நாடின. சென்னை சென்ட்ரல் எதிரே இராமசாமி முதலியார் 1888இல் கட்டியது அவ்வகையினது. திருச்சியில் ‘சத்திரம்’ என்றால் இன்று பேருந்து நிலையம். ஒட்டன்சத்திரம் என்றால் காய்கறிச் சந்தை. ஒரத்தநாட்டுக் கட்டடமோ பின்னாளில் மாணவர் விடுதியாயிற்று. வழிநடையாளர் படுத்த கூடங்களில் பிள்ளைகள் பாய் விரித்தனர். அவர்களை உண்ண அழைக்கவும் ஒரு மணி அடித்திருப்பார்கள்.