பழுதும் ஒரு சான்றே: ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கிளட்ச்

பழைய ஊர்திகளின் வரலாற்றை அவற்றின் உருவழகையும் உரிமையாளரையும் கொண்டே எழுதி வருகிறோம். அவற்றின் பழுதுகளையும் சான்றாகக் கொள்ளலாம் என்பதே இப்பதிவின் கருத்து.

1953ஆம் ஆண்டு சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின், உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டமுடைய நிறுவனங்களே இந்தியச் சந்தையில் நிலைத்தன. அவற்றுள் ஒன்றான சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961இல் ஹெரால்டை வெளியிட்டது. அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கியே 1962இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் கார் உருவாயிற்று. இரண்டிலும் கிளட்ச் திரவ அழுத்தத்தால் இயங்குவது. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும். கியர்பெட்டியருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டர் கிளட்சை விடுவிக்கும்.

கியர் உராய்ந்து விழுமாயின் முதலில் திரவத்தின் மட்டத்தைக் காண வேண்டும். மட்டம் குறைந்து மிதியடியில் ஈரம் இருப்பின் மாஸ்டர் சிலிண்டரும், கியர்பெட்டியருகே ஈரம் இருப்பின் ஸ்லேவ் சிலிண்டரும் கசிகின்றன. மட்டம் குறையாமலே மிதி மெல்ல அமிழ்ந்தால் மாஸ்டரின் உள் ரப்பர் தேய்ந்துள்ளது. பலமுறை அழுத்திய பின்னரே மிதி இறுகினால் குழாயில் காற்றுப் புகுந்துள்ளது. மிதியை விட்டும் கிளட்ச் தாமதமாகப் பிடித்தால், நெகிழ்குழாய் உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கலாம்.

இத்திரவத்தைப் பேச்சுவழக்கில் 'பிரேக் ஆயில்' என்கிறோம். அச்சொல்லை நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் உப்பிக் கெடும். உரிய கிளைக்கால் திரவமோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் கடலோரத் திருவனந்தபுரத்தில் இது சிறு செய்தியன்று. உறிஞ்சிய நீர் சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழியாக்கும். புதிதாக இட்ட ரப்பரையும் அக்குழிகள் கிழித்துவிடும். எனவே திரவத்தைக் காலமுறையில் மாற்றுவது இங்கே கட்டாயமாகிறது.

1902இல் பெரியாற்றங்கரையின் தட்டேக்காட்டில் வணிக ரப்பர்த் தோட்டம் தோன்றிய நாட்டில், இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு சிறு ரப்பர் வளையத்திற்காக வண்டிகள் காத்துக் கிடந்தன. தோட்டத்துப் பாலுக்கும் துல்லியமான உதிரிபாகத்திற்கும் இடைப்பட்ட தொலைவே அன்றைய தொழில்மயமாக்கத்தின் அளவுகோல்.

இன்று மீட்டெடுப்போர் பழைய சிலிண்டர்களைக் களைந்து புதியன பொருத்துகின்றனர். வண்டி ஓட அது தேவைதான். ஆயினும் களையப்படும் பாகத்தில் உள்ளூரில் கடைந்த தடமும் மாற்று ரப்பர் இட்ட தடமும் இருக்கக்கூடும். எறியும் முன் அதை ஒளிப்படம் எடுங்கள், அளவெடுங்கள், பழுதுநீக்கிய முதியவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். ஆவணக்காப்பகங்களில் இவ்வறிவு கிடைப்பது அரிது. அதை அறிந்த தலைமுறையும் முதுமை எய்திவிட்டது.