ஆற்று மணலும் நம் ஏரி நீரும்



வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் வரலாறு பெரும்பாலும் ஏரிகளின் வரலாறே ஆகும். புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் உள்ளன. அவற்றுள் ஊசுட்டேரிக்கு அடுத்துப் பெரியது பாகூர் ஏரி. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், பாகூர் வித்யாஸ்தானத்திற்கு 3 ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் செப்பேடுகள் கூறுகின்றன. நிலமும் நீரும் அன்று கல்வியைத் தாங்கின. ஆயின் அது வேதம் ஓதியோர்க்குரிய கல்வி. மண் சுமந்தோர்க்கு அதில் இடமில்லை.

பாகூர் ஏரிக்கு நீர் தருவது தென்பெண்ணை. சொர்ணாவூர் அணைக்கட்டில் தேங்கும் நீர் பங்காரு வாய்க்கால் வழியே ஏரியை அடைகிறது. ஆற்று மணலை அளவின்றி அள்ளினால் ஆற்றுப்படுகை தாழ்கிறது. வாய்க்காலின் தலைப்போ இருந்த உயரத்திலேயே நிற்கிறது. ஆற்றில் நீர் ஓடினும் வாய்க்காலில் ஏறாது. அணைக்கட்டின் அடித்தளம் அரிக்கப்படும். நீரை உறிஞ்சி வைக்கும் மணல் போனபின் கிணறுகளும் வற்றும்.

ஆதலின் பாசனத்தார் மணற்குவாரியை எதிர்ப்பது புதிதன்று. தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து மூத்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு நீதிமன்றத்தில் தாமே வாதாடினார். 2010 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவ்வாற்றில் 5 ஆண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை விதித்தது. 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என உச்சநீதிமன்றம் 2012 பிப்ரவரியில் ஆணையிட்டது. நம் தென்பெண்ணையிலேயே, தளவானூர்த் தடுப்பணை 2021 ஜனவரியில் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் சிதைந்தது. மறு ஆண்டு ஏனாதிரிமங்கலத்தில் மணற்குவாரி வந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றனர்.

இங்கே நம்மவர் ஒரு வினா எழுப்புவர்: "நிலம் அவர்களுடையது, வழக்கும் அவர்களுடையது. மணல் ஏற்றும் கூலியாவது நமக்குக் கிடைக்கிறதே?" இவ்வினா நியாயமானது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பாசனச் சங்கங்கள் நிலமுடையோர் சங்கங்களே. என் தந்தையார் எங்கள் ஊர் மடையைத் திறந்து மூடியவர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் பாயும் என்பதை அவரே அறிவார். ஆயினும் ஏரிக் கூட்டத்தில் அவர் திண்ணைக்குக் கீழேதான் நின்றார்.

எனினும் கணக்கைப் பாருங்கள். மண்வெட்டியும் கூடையும் பிடித்த கைகளுக்கு மணல் கூலி தந்தது. பொக்லைன் இயந்திரம் வந்ததும் அக்கூலி போயிற்று. நடவும் களையும் அறுப்பும் நீருள்ள வரை ஆண்டுதோறும் வரும் கூலி. ஏரி வற்றினால் நிலக்காரர் நிலத்தை மனையாக விற்றுவிடுவார். நாம் விற்பதற்கு யாதுளது?

ஆதலின் எதிர்ப்பு நமதும் ஆகும். எதிர்க்கும் அவையில் இருக்கையும் நமதாதல் வேண்டும். 1927-இல் அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்து நீரை அள்ளிப் பருகியது இவ்வுரிமைக்காகவே. 1999-இல் ஐரோப்பிய நிதியுதவியுடன் தொடங்கிய புதுச்சேரி ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் நிலமற்றோரும் பெண்டிரும் தலித் மக்களும் ஏரிச் சங்கங்களில் உறுப்பினராக வழி பிறந்தது. அவ்வழியை நாம் அடைக்க விடலாகாது. உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பின் 2006-இலேதான் நடைபெற்ற நம் மாநிலத்தில் ஏரிச் சங்கமே ஏழையின் அவை எனலாம்.

குவாரி அறிவிப்பு வரின், அதைப் படியுங்கள். சர்வே எண் எது, பரப்பு எத்தனை ஹெக்டேர், ஆழம் எத்தனை மீட்டர், அணைக்கட்டிலிருந்து தொலைவு எவ்வளவு எனக் கேளுங்கள். பொது விசாரணை நடைபெறுமாயின் எழுத்தில் மறுப்புக் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். 25 ஆண்டுகளாக நம் சங்கம் ஊட்டிய எழுத்தறிவு இப்பணிக்கும் உதவுமாக. திண்ணைக்குக் கீழே நின்றவரின் பேரப்பிள்ளைகள் அவையில் அமர்ந்து பேசட்டும்!