கீற்று, அவசர வழி, மீட்பு: மூன்று சொற்களின் கதை

பி.காம். படிக்கும் எங்களுக்குக் காப்பீட்டுப் பாடத்தில் 'தீ' என்றால் என்ன என்று சொல்லித் தருவார்கள். சிரிக்காதீர்கள்! தீக் காப்பீட்டில் இழப்பீடு கேட்டால், உண்மையிலேயே தீப்பிடித்து எரிந்திருக்க வேண்டும். வெறும் சூட்டில் கெட்டுப்போன சரக்கு அதில் சேராது. அங்கே ஒரு சொல்லுக்குப் பணம்தான் விலை. ஆனால் உயிரையே விலையாகக் கொடுத்து நாம் கற்றுக்கொண்ட சொற்களும் உண்டு. அதில் மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதல் சொல் கீற்று. எங்கள் திருமயம் பக்கம் இதைத் தெரியாதவர் யார்? வெயிலுக்குக் குளிர்ச்சி, விலையும் குறைவு. ஆனால் காய்ந்த கீற்றில் தீ பிடித்தால் சில நிமிடங்களில் கூரை முழுக்கப் பரவி, எரிந்தபடியே கீழே இருப்பவர்கள் மேல் விழும். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகக் கொட்டகையில் 28 பேர் பலியானார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓடக்கூட முடியவில்லை. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்தின் மாடிப் பந்தலில் மணமகனே இறந்துபோனார்.

இரண்டாவது சொல் அவசர வழி. அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணம். பள்ளியின் சத்துணவுக் கூடத்துக் கீற்றில் பிடித்த தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கக் குறுகலான படிக்கட்டுதான் இருந்தது. 94 குழந்தைகள் மாண்டார்கள். தினமும் வரிசையாக இறங்குவதற்குப் போதுமான படி, எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினால் போதாது. அதனால்தான் வாசல் இருந்தாலும் அவசர வழி தனியாக வேண்டும் என்கிறார்கள். அதன்பிறகு தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. நாட்டின் எல்லாப் பள்ளிகளும் தீப் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

மூன்றாவது சொல் மீட்பு. நாம் சுருக்கமாக 'ஃபயர் சர்வீஸ்' என்கிறோம். முழுப் பெயர் 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை'. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதும், வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பதும், வெள்ளத்தில் படகு விடுவதும் அவர்கள்தான். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிவந்த கப்பல் வெடித்தபோது, தீயை அணைக்கப் போன 66 வீரர்கள் இறந்தார்கள். அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் 'தீத்தொண்டு நாள்' என்று அனுசரிக்கிறோம். சம்பளத்துக்குச் செய்யும் வேலையைத் 'தொண்டு' என்று அழைப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இனி கல்யாண மண்டபத்துக்குப் போனால், பந்தி எங்கே என்று தேடும் முன் இரண்டாவது வழி எங்கே என்று ஒருமுறை பாருங்கள். பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். ஆபத்து என்றால் 101 அல்லது 112. எண்ணோடு, ஊர்ப் பெயரையும் அடையாளத்தையும் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள்.