அல்லியின் மஞ்சத்தில் பாம்பு

வேற்றுலகத்திலிருந்து வரும் ஆண், நினைத்த உருவம் எடுக்கக் கூடியவன், ஒரு பெண்ணின் படுக்கையறையை எட்டுகிறான். இந்தச் சட்டகத்துக்குள் இன்று ஆங்கிலத்தில் ஏராளமான நாவல்கள் எழுதப்படுகின்றன. எதிர்காலக் காதல் நாவல் என்று அவற்றைச் சொல்லலாம். எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். கிரகம், விண்கலம், நீலத் தோல், கொம்பு, வால் எல்லாம் உண்டு, சிருங்காரத்துக்கும் குறைவில்லை. இலக்கிய விமர்சகன் தொடத் தயங்கும் சரக்கு. ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள கதை மரபை அறிந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை. பெரிய எழுத்துப் புத்தகமாகவும் நாடகமாகவும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய அல்லி கதையின் மையச் சம்பவம் இதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அல்லியை நாம் எப்படிப் படித்து வந்திருக்கிறோம் என்ற சங்கடமான கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

கதை தெரிந்ததுதான். பிள்ளையில்லாத பாண்டியன் அல்லி மலரில் கிடந்த பெண் குழந்தையை எடுத்து வளர்க்கிறான். அவள் வித்தைகள் கற்று, ராஜ்யத்தைப் பறித்தவனை வென்று, மதுரைக்கு அரசாணி ஆகிறாள். ஆட்சியும் காவலும் பெண்கள் வசம். ஆண் வாடையே அவளுக்கு ஆகாது. தீர்த்த யாத்திரை வரும் அர்ச்சுனன் அவள் மேல் மையல் கொள்கிறான். நேர்வழியில் அவளைக் கிட்ட முடியாது. கிருஷ்ணன் துணைக்கு வருகிறான். அவன் பாம்பாட்டி ஆகிறான். அர்ச்சுனன் பாம்பு ஆகிறான். பாம்பின் அழகில் மனம் பறிகொடுத்த அல்லி அதைத் தன் மஞ்சத்துக்கே கொண்டு போகிறாள். இரவில் பாம்பு ஆணாகிறது. விடிந்தால் கழுத்தில் தாலி. கதைக்குக் கதை விவரங்கள் மாறுபடும். ஜனங்களின் நினைவில் நின்றவை பாம்பும் தாலியும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அல்லிக்குக் காதல் உணர்வே இல்லை என்று கதை சொல்லவில்லை. பாம்பைக் கண்டதும் அவளுக்குப் பிரியம் சுரக்கிறது; தானாக அதை அணைத்துக்கொள்கிறாள். மனித ஆணுக்குக் கிடைக்காதது வேற்றுருவத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பிரியத்தை அவள் கொடுத்தது பாம்புக்கு. எடுத்துக்கொண்டவன் அர்ச்சுனன். கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு இது தெரியும். அல்லி ஒருத்திக்குத்தான் தெரியாது. கதையின் சிருங்காரச் சுவை முழுவதும் அவளுடைய இந்த அறியாமையின் மேல் நிற்கிறது. பாம்புக்குப் பேச்சு இல்லை. 'யார் நீ?' என்று அவள் கேட்பதற்கே வழியில்லை.

மகாபாரதத்தில் இது இப்படி இல்லை. அங்கே அர்ச்சுனன் சித்திராங்கதையைக் கண்டு, அவள் தகப்பனிடம் போய் நேராகப் பெண் கேட்கிறான். தகப்பன் நிபந்தனை போடுகிறான்: பிறக்கும் பிள்ளை என் வம்சத்துக்கு. அர்ச்சுனன் ஒத்துக்கொள்கிறான். ஒப்பந்தக் கல்யாணம். அந்த ஊரை மணலூர் என்று சொல்லும் பாடங்கள் உண்டு. மணிபுரம் என்பன வேறு. வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகள் என்றே சொல்லிவிடுகிறார். கீழடிக்குப் பக்கத்தில் இன்றும் மணலூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2020இல் அங்கும் அகழாய்வுக் குழிகள் வெட்டினார்கள். இது அதுவே என்று நான் சொல்ல வரவில்லை. பாரதத்துப் பாண்டியகுமாரி, ஜனங்கள் வாயில் அல்லியாக மாறியிருக்கிறாள் என்று கொள்வதற்கு இடமிருக்கிறது. அப்படியானால் அந்த மாற்றத்தில் என்ன நடந்தது? தகப்பன் மறைந்துவிட்டான். பெண்ணே அரசாள்கிறாள். இப்போது பெண் கேட்க வேண்டுமானால் அவளிடமே கேட்க வேண்டும். வில்லுக்கு விஜயனை அந்த ஒரு காரியத்தைச் செய்ய வைக்கக் கதைக்குத் துணிவில்லை. பாம்பு அங்கேதான் நுழைகிறது. உருமாற்றம் இங்கே ஒரு அற்புதம் என்பதைவிட, கேட்காமல் இருப்பதற்கான உபாயம் என்பதே பொருந்தும்.

அல்லி அரசாணி மாலையைப் புகழேந்திப் புலவர் பெயரில் அச்சிட்டார்கள். நளவெண்பாவின் கவிக்கும் இதன் பாஷைக்கும் ஒட்டுறவே இல்லை. ஆனால் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்ட கர்ணபரம்பரைக் கதை முக்கியமானது. ஒட்டக்கூத்தரின் பகையால் சிறையில் கிடந்த புகழேந்தி, அந்த வழியாகத் தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களுக்கு இந்த மாலைகளைப் பாடிக் கொடுத்தாராம். அவர்கள் தந்த அரிசியில் வயிறு வளர்த்தாராம். சரித்திரமாக இதற்கு மதிப்பில்லை. ஆனால் இந்த நூல்களின் வாசகர் யார் என்று ஜனங்கள் நினைத்தார்கள் என்பதற்கு இது நல்ல சாட்சியம். பெண்களுக்காக ஆண் பாடியது. ஆணை அண்டவிடாத ராணியின் கதையைக் குடத்தோடு நின்று கேட்டவர்கள் எந்தப் பகுதியில் கூடுதல் நேரம் நின்றிருப்பார்கள்? ராஜ்யத்தை மீட்ட பகுதியிலா, பாம்பு மஞ்சமேறிய பகுதியிலா? இரண்டிலும் நின்றிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு பெண்ணின் ஆட்சியை அவ்வளவு விஸ்தாரமாகக் கேட்க வேறு புத்தகம் அவர்களுக்கு இருக்கவில்லை. அந்த ஆட்சியைக் கேட்டதற்கான விலை பாம்பு.

மதுரைக்கு இந்தக் கதை தனியாக வந்து விழுந்ததல்ல. பாண்டியரை இந்தியாவில் பெண்கள் ஆளும் ஒரே இனம் என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதினார். தடாதகை திக்விஜயம் செய்து எல்லாரையும் வென்று, கைலாயத்தில் சிவனைக் கண்டதும் ஒரு முலை மறைய நாணி நிற்கிறாள். கோயில் நாட்காட்டியில் சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். நான்கு மாத ஆட்சி. ஆவணி மூலத்தில் சொக்கநாதர் பட்டம் சூடிக்கொள்கிறார். மிச்சம் எட்டு மாதம் அவருடையது. அதே ஆவணித் திருவிழாவில்தான் வளையல் விற்ற லீலை நடக்கிறது. தாருகவனத்து ரிஷிபத்தினிகள் மதுரை வணிகப் பெண்களாகப் பிறந்திருக்க, கடவுள் வளையல் செட்டியாக வந்து அவர்கள் கையைத் தொட்டு வளையல் இடுகிறார். இங்கும் வேற்றுருவம், இங்கும் தொடுகை, இங்கும் அறியாமை. பரஞ்சோதி முனிவர் அதை அருள் என்கிறார். அல்லி கதைக்கு அந்தப் போர்வையும் இல்லை. அது நாணமின்றித் தந்திரத்தைத் தந்திரமாகவே சொல்கிறது. அந்த அளவில் அது நேர்மையானது.

பக்கத்துக் கன்னட நாட்டில் ஒரு நாட்டுக்கதை உண்டு. ஏ.கே. ராமானுஜன் சொல்லக் கேட்டு கிரீஷ் கர்னாட் 1988இல் நாகமண்டலா என்று நாடகமாக்கினார். புருஷனால் பூட்டிவைக்கப்பட்ட பெண். அவள் புருஷனை மயக்க வைத்திருந்த மருந்து தவறிப்போய்ப் பாம்பின் வயிற்றில் சேர்கிறது. பாம்பு புருஷன் உருவத்தில் இரவில் வருகிறது; அன்பாகப் பேசுகிறது. நம் கதையில் ஆண் பாம்பாகிறான். அங்கே பாம்பு ஆணாகிறது. அங்கே ராணி என்பது வெறும் பெயர். அவளுக்கு ஆள ஒரு வீடு கூட இல்லை. ஆனால் ஒன்றுமில்லாத அந்தப் பெண்ணுக்குப் பேசும் காதலன் கிடைக்கிறான். மதுரையை ஆண்ட பெண்ணுக்கு மௌனமான பாம்பு. பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதைக்கும், ஆண் பெண்களுக்குச் சொன்ன கதைக்கும் உள்ள வித்தியாசம் இது.

இந்த மௌனத்தை உடைக்க ஒரு வழி மேடையில் பிறந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அல்லி அர்ஜுனா, பவளக்கொடி, வள்ளி திருமணம் எல்லாவற்றையும் நாடகமாக்கினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். அந்த மரபின் வாரிசான ஸ்பெஷல் நாடகம் இன்றும் மதுரையைச் சுற்றிய கிராமத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. ஒத்திகை கிடையாது, நடிகர்கள் தனித்தனியாக அமர்த்தப்பட்டு மேடையில்தான் சந்திக்கிறார்கள். ஜனங்கள் காத்திருப்பது தர்க்கத்துக்கு. வள்ளியும் நாரதரும், பவளக்கொடியும் அர்ச்சுனனும் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். முடிவு எல்லாருக்கும் தெரியும். ஆனால் கெட்டிக்கார நடிகை அகப்பட்டால் அந்த முடிவு வருவதற்குள் எதிராளி திணறிப் போவான். நூலில் கேட்க முடியாத 'யார் நீ, என்னத்துக்கு வந்தாய்' என்ற கேள்வி மேடையில் உரக்கக் கேட்கப்படுகிறது. நாடக விமர்சனம் எழுதிய நம்மவர்கள் இதைப் பாமர ரசனை என்று தள்ளியது பெரிய நஷ்டம்.

பாம்பே வராத ஓர் அல்லி ராஜ்யமும் எழுதப்பட்டிருக்கிறது. 1905இல், சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' பத்திரிகையில் ரொக்கேயா என்ற வங்காளப் பெண் 'சுல்தானாவின் கனவு' எழுதினார். பெண்கள் ஆளும் நாடு, ஆண்கள் அந்தப்புரத்தில். சூரிய வெப்பத்தைச் சேமித்து ஆயுதமாக்குகிறார்கள், ஆகாய வாகனம் ஓட்டுகிறார்கள். எதிர்காலத்தை இவ்வளவு துணிவோடு நினைத்த கதையில் காதல் மட்டும் இல்லை. படுக்கையறையைத் திறந்தால் ராஜ்யம் போய்விடும் என்ற பயம் ரொக்கேயாவுக்கும் இருந்திருக்கலாம். தமிழில் 1980களில் ஆனந்த விகடனில் வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 2021ஐ ஒட்டிய காலத்தில் நடக்கிறது. அதில் நிலாவுக்கு நெருக்கமான ஜீவன் ஜீனோ என்ற இயந்திர நாய். அது பேசுகிறது, படிக்கிறது, சிந்திக்கிறது. வேற்றுருவத்திடம் பெண் கொள்ளும் பிரியம் இங்கே மோசடி இல்லாமல் வருகிறது; ஆனால் சிருங்காரம் கழற்றப்பட்டு வருகிறது.

இரண்டையும் சேர்த்து எழுத முயன்றவர்கள்தான் நான் முதலில் சொன்ன நாவலாசிரியைகள். ஜேன் ஆன் கிரென்ட்ஸ் 1986இலேயே 'ஸ்வீட் ஸ்டார்ஃபயர்' எழுதிவிட்டார். ரூபி டிக்ஸன் என்ற புனைபெயரில் 2015இல் சொந்த வெளியீடாக வந்த 'ஐஸ் பிளானட் பார்பேரியன்ஸ்' பெரிய வரிசையாக வளர்ந்தது. பூமியிலிருந்து கடத்தப்பட்டுப் பனிக் கிரகத்தில் கைவிடப்பட்ட பெண்கள். நீலத் தோலும் கொம்பும் உள்ள ஆண்கள். உருமாறும் நாயகர்கள் வருகிற வரிசைகளும் இந்த வகையில் உண்டு. இவற்றின் நடை சாதாரணம், மனிதர்கள் அச்சில் வார்த்தவர்கள். ஆனால் கதையை நாயகியே 'நான்' என்று சொல்கிற இடங்களில் ஒன்று நிகழ்ந்திருக்கிறது. அந்நிய உடலை அவள் கண் திறந்து பார்க்கிறாள், பயப்படுகிறாள், விசாரிக்கிறாள், சிரிக்கிறாள். வாசகிக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும். அவள் அறியாமையிலிருந்து சுவையைப் பிழிய வேண்டிய அவசியம் இல்லை.

இதை வெற்றி என்று கொண்டாட நான் தயாரில்லை. டிக்ஸனின் கிரகத்தில் உயிரோடிருக்க உடலுக்குள் ஓர் ஒட்டுண்ணியை ஏற்றுக்கொள்ள வேண்டும். தகுந்த ஜோடியைக் கண்டதும் அது மார்புக்குள் அதிரத் தொடங்கும். அதை மறுப்பது எளிதல்ல. தூக்கத்தில் தாலி கட்டிய கை வெளியிலிருந்து வந்தது. இங்கே தாலி நெஞ்சுக்குள்ளேயே முளைக்கிறது. விருப்பத்தை விதியாக்கிவிட்டால் கேட்கவும் வேண்டாம், பதில் சொல்லவும் வேண்டாம். தடாதகையின் முலை மறைந்ததும் இதே தர்க்கந்தான். எதிர்காலம், வேறு கிரகம் என்று எவ்வளவு தூரம் போனாலும் பழைய மதுரை கூடவே வருகிறது.

நம் கவிதையில் மீனாட்சியும் கண்ணகியும் படிமமாகித் தேய்ந்துவிட்டார்கள். அல்லி அப்படிக்கூட ஆகவில்லை. பெண் அதிகாரத்தைக் கேலி செய்ய 'அல்லி ராஜ்யம்' என்ற வசையாக மட்டும் மிஞ்சினாள். வெகுஜனக் குப்பை என்று நாம் ஒதுக்கிய பெரிய எழுத்துப் புத்தகத்தில் ஒரு காலைப் பொழுது இருக்கிறது. கழுத்தைத் தடவிப் பார்க்கும் அல்லி கோபத்தில் படை அனுப்புகிறாள். பிறகு சமாதானம், புலந்திரன் பிறப்பு, பிள்ளை பவளத்தேர் கேட்டு அழுவது, அர்ச்சுனன் பவளக்கொடியிடம் போவது என்று கதை ஓடிவிடுகிறது. அந்தக் காலையில் அவளுக்கு என்ன இழப்பு என்று எந்தப் பாடமும் நின்று பார்க்கவில்லை. கன்னிமை என்று ஊர் சொல்லும். ராஜ்யம் என்று அரசியல்காரன் சொல்வான். அவள் அந்தப் பாம்பை நேசித்தாள். அது அங்கே இல்லை, எந்நாளும் இருந்திருக்கவில்லை. அல்லியின் கதையை இனி எழுதுகிறவர்கள் இந்த இழப்பிலிருந்து தொடங்க வேண்டும்.