நஞ்சு பிறந்த இடம்
கல்வராயன் மலையும் மெத்தனால் தொழிலின் பொறுப்பும்

1. முன்னுரை

பழைய தென்னார்க்காட்டின் மேற்கெல்லையில் நிற்கும் கல்வராயன் மலையும், அதன் அடிவாரத்துக் கள்ளக்குறிச்சி வட்டாரமும் 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நாடெங்கும் பேசப்பட்டன. கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் சாராயம் என்று விற்கப்பட்ட நஞ்சு நீரைப் பருகி 65 பேருக்கு மேல் மாண்டனர். அவருள் பெரும்பாலார் நாட்கூலிகள், பெண்டிரும் இருந்தனர். அப்பொழுது எழுந்த பேச்சில் கல்வராயன் மலையே முதற் குற்றவாளியாக நிறுத்தப்பட்டது. மலையில் ஊறல் போடுகின்றனர், மலையிலிருந்து சாராயம் இறங்குகின்றது என்பன பழைய குற்றச்சாட்டுகள். அவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், மாண்டவர் உயிரைக் கவர்ந்த பொருள் ஊறற் பானையில் விளைந்ததன்று. அது மெத்தனால் என்னும் ஆலைப் பொருள். இன்று உலகில் அப்பொருள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் ஆக்கப்படுகின்றது. ஆதலின், நஞ்சு பிறந்த இடம் யாது, அதனை ஆக்குவோரின் சமூகப் பொறுப்பு எவ்வெல்லை வரை செல்லும் என்பவற்றை வரலாற்று நெறியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மலையும் மக்களும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இதன் கிழக்குப் பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும், கருமந்துறை முதலிய மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தையும் சார்ந்தவை. கோமுகியாறும் மணிமுத்தாறும் இம்மலையிற் பிறந்து சமவெளிக்கு நீர் தருகின்றன. மலைவாழ் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். தமிழ் பேசும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்ற பொருளிலேயே இப்பெயர் வழங்குகின்றது. கேரள நாட்டோடு இவர்க்குத் தொடர்பில்லை.

நெடுங்காலம் இம்மலை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் பெயர்களால் வழங்கிய மூன்று ஜாகீர்களின் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1976இல், இம்மலை அரசின் நேரடி ஆட்சிக்குள் முழுமையாக வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை காலந்தாழ்த்தே மலையேறின. 2024ஆம் ஆண்டுத் துயரத்தின் பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலை மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து ஆராயத் தொடங்கியமை இக்காலத் தாழ்வுக்குச் சான்றாகும். பிழைப்பு வழி குறைந்த இடத்தில் சாராயத் தொழில் வேர்கொண்டதென்பதை, மக்களின் இயல்பின்மேல் ஏற்றாமல், இவ்வரலாற்றோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

3. மதுவிலக்கும் ஊறலும்

இந்தியாவிலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த மாவட்டம் சேலம். இராசகோபாலாச்சாரியாரின் அமைச்சரவை 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் அதனைத் தொடங்கிற்று. மாகாணம் முழுவதும் மதுவிலக்குப் பரவியது 1948இல். இடைப்பட்ட காலத்தின் முற்பகுதியில் கல்வராயன் மலையின் ஒருபால் மதுவிலக்கு நிலவ, மறுபாலாகிய தென்னார்க்காட்டில் அஃது இல்லாதிருந்தது. எல்லையில் நின்ற மலை கள்ள வாணிகத்திற்கு வழியாதல் இயல்பே எனக் கருதலாம். 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. இம்மாற்றங்கள் எவையும் மலையின் ஊறலை அறவே ஒழிக்கவில்லை. கடைச் சரக்கின் விலை கூலியாளுக்கு எட்டாதவிடத்துக் கள்ளச் சரக்கு நுழைந்தது.

மலையில் ஊறல் போடும் முறையை ஈண்டு நோக்குதல் இன்றியமையாதது. வெல்லத்தை நீரிற் கரைத்து, வேலம்பட்டை, கடுக்காய் முதலியன இட்டுப் புளிக்க வைத்துக் காய்ச்சி வடிப்பர். வெல்லம் புளிப்பதால் விளைவது எத்தனால். அதுவும் உடலைக் கெடுப்பதே, குடும்பத்தை அழிப்பதே. ஆனால் சில மணி நேரத்தில் பலரை ஒருசேரக் குருடாக்கிக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் இவ்வகை ஊறலில் விளைவதில்லை. அத்துணை அளவு மெத்தனால் வெளியிலிருந்து, ஆலையின் பீப்பாயிலிருந்து வந்தால்தான் உண்டு. மலை செய்த குற்றம் ஒன்று. கருணாபுரத்தில் நிகழ்ந்த கொலை வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால், பின்னதன் மூலம் ஆராயப்படாமல் மறைந்துவிடுகின்றது.

4. மரத்திலிருந்து எரிவாயுவிற்கு

மெத்தனாலுக்கு மரச்சாராயம் என்பது பழைய பெயர். 1661இல் இராபர்ட்டு பாயில் மரத்தைக் காற்றுப்படாமல் சூடாக்கி வடித்த நீர்மத்திலிருந்து இதனைப் பிரித்தார். இதன் இயைபை 1834இல் பிரெஞ்சு அறிஞர்களாகிய தூமாவும் பெலிகோவும் தெளிவுபடுத்தினர். தென்னாட்டிலும் இதற்கு வரலாறுண்டு. மைசூர் அரசு பத்திராவதியில் அமைத்து 1923இல் இயக்கத் தொடங்கிய இரும்பாலையில், உலைக்கு வேண்டிய கரியைச் சுடும்பொழுது எழுந்த ஆவியிலிருந்து மரச்சாராயம் எடுக்கப்பட்டது. அக்காலத்தில் மெத்தனால் காட்டின் அளவுக்குட்பட்ட பொருள். எரித்த மரத்தின் அளவே கிடைத்த சாராயத்தின் அளவும்.

அதே 1923ஆம் ஆண்டில் செருமனியில் பாசுப்பு நிறுவனம் நிலக்கரியிலிருந்து பெற்ற வாயுக்களை மிகுந்த அழுத்தத்தில் இணைத்து மெத்தனாலைப் பேரளவில் ஆக்கியது. 1966இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் செம்பு கலந்த வினையூக்கியைக் கொண்டு குறைந்த அழுத்தத்தில் ஆக்கும் முறையைக் கொணர்ந்தது. இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்துச் சிதைத்து, விளையும் வாயுக்களை வினையூக்கியின்மேற் செலுத்தினால் மெத்தனால் கிடைக்கும். எரிவாயு மலிந்த நாடுகளில் இஃது எளிய வாணிகமாயிற்று. இந்தியாவில் நாம்ரூப்பில் 1971இல் நிறுவப்பெற்ற அசாம் பெட்ரோகெமிக்கல்சு நிறுவனம் எரிவாயுவிலிருந்தே இதனை ஆக்குகின்றது. ஆயினும் நாட்டின் தேவையிற் பெரும்பகுதி மேற்காசிய நாடுகளிலிருந்து கப்பலேறி வருவதேயாம்.

பிசின், ஒட்டுப்பலகை, வண்ணப்பூச்சு, மருந்து ஆகிய தொழில்களுக்கு மெத்தனால் இன்றியமையாதது. அதனை வேண்டாவெனல் நம் கருத்தன்று. ஆனால் அதன் இயல்பை மறத்தலாகாது. அது நிறமற்றது. மணத்தாலும் சுவையாலும் எத்தனாலிலிருந்து அதனைப் பிரித்தறிதல் பருகுவோனுக்கு இயலாது. உடலுக்குள் சென்றால் முதலில் பார்மால்டிகைடாகவும், பின்னர்ப் பார்மிக அமிலமாகவும் மாறுகின்றது. அவ்வமிலம் கண் நரம்பைத் தாக்கிக் குருதியை அமிலமாக்குகின்றது. இம்மாற்றத்திற்குச் சில மணி நேரம் செல்வதால், குடித்தவன் தனக்கு நேர்ந்ததை உடனே உணர்வதில்லை. உணரும்பொழுது மருத்துவம் எட்டாத நிலை வந்துவிடுகின்றது. கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கள்ளுண்பாரை நஞ்சுண்பாரோடு ஒப்பிட்டார். இங்கோ அஃது உவமையாக நில்லாமல் உண்மையாகவே ஆகிவிட்டது.

5. ஒரு பழைய மாவட்டத்தின் மூன்று துயரங்கள்

கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காட்டு மாவட்டத்திலிருந்து 1993இல் விழுப்புரமும், விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சியும் பிரிந்தன. இந்நிலப்பரப்பை ஒன்றாக வைத்து நோக்கின் ஒரு தொடர்ச்சி புலப்படும். 2001ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர் மாவட்டத்துப் பண்ணுருட்டிப் பகுதியில் 50 பேருக்கு மேல் மாண்டனர். 2023ஆம் ஆண்டு மே திங்களில் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், அதே நாள்களில் செங்கற்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். மறு ஆண்டில் கருணாபுரம். எக்கியார்குப்பம் மீனவர் வாழும் கடற்கரை. பண்ணுருட்டி பலாவும் முந்திரியும் விளையும் செம்மண் நிலம். கருணாபுரம் நகரத்துக் குடியிருப்பு. மூன்றையும் இணைப்பது மலையன்று, ஆலைச் சரக்கே. 2023இல் மரக்காணத்தில் கிடைத்தது தொழிற்சாலைகளில் வழங்கும் மெத்தனாலே என்று காவல்துறைத் தலைமையும் அறிவித்தது. 2015இல் மும்பையின் மால்வணியிலும், 2022இல் குசராத்தின் போட்டாடிலும் நிகழ்ந்த சாவுகளிலும் இதே பொருள் காணப்பட்டது.

2024ஆம் ஆண்டுத் துயரத்தின் பின்னர் அரசு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயச் சாவுக்குக் காரணமானோர்க்கு வாழ்நாள் சிறை வரை தண்டனை வகுத்தது. மாண்டோர் குடும்பங்களுக்குத் தலைக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்கியது. வழக்கு அவ்வாண்டு நவம்பரில் நடுவண் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. இவை வேண்டுவனவே. ஆனால் இழப்பீடு பொதுமக்கள் வரிப்பணத்திலிருந்து சென்றது. தண்டனை விற்றவனை நோக்கிச் சென்றது. பீப்பாய் எவ்வழியாக ஆலை உலகத்தை விட்டு வெளியேறியது என்ற வினா ஒவ்வொரு முறையும் சாவுக்குப் பின்னரே கேட்கப்படுகின்றது.

6. பொறுப்பின் எல்லை

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி ஆதாயத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடப் பணித்தது. இதனால் பள்ளிகளும் குடிநீர்த் தொட்டிகளும் பல ஊர்களில் எழுந்துள்ளன. ஆயின், ஒரு நிறுவனம் தன் வணிகத்தின் இயல்பான போக்கிற் செய்வன இக்கணக்கிற் சேரா என்பதும் அதன் விதியே. தன் சரக்கு யார் கைக்குச் செல்கின்றது என்று தொடர்ந்து கண்காணித்தல் ‘சமூகப் பொறுப்பு’ என்ற தலைப்பில் எழுதப்படுவதில்லை. ஈகையைப் பொறுப்பென்று கணக்கெழுதும் பழக்கம் இவ்வாறு வந்தது. நாம் கருதுவது: ஈகை ஆதாயத்தை அளவாகக் கொண்டது, பொறுப்போ விளைவித்த பொருளை அளவாகக் கொண்டது. முன்னது ரூபாயிலும் பின்னது லிட்டரிலும் கணக்கிடப்படல் வேண்டும்.

இக்கருத்துத் தொழில் உலகிற்குப் புதிதன்று. 1984இல் போபால் நச்சுவாயுவால் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பின்னர், 1985இல் கனடாவின் வேதித் தொழிலாளர் சங்கம் அன்று, வேதித் தொழில் முதல்வர்களின் சங்கமே ‘பொறுப்புடைய காப்பு’ என்னும் நெறியை வகுத்தது. பொருள் பிறந்தது முதல் அழிவது வரை ஆக்கியோனின் கவனத்திற்கு உரியது என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. இந்திய வேதித் தொழில் மன்றமும் பின்னர் இந்நெறியை ஏற்றது.

“ஆக்கியவர் இறக்குமதியாளர்க்கு விற்பர், அவர் மொத்த வணிகர்க்கு விற்பர், அவர் சில்லறைக்கு விற்பர், கடைசிக் கையில் நடப்பதற்கு முதற்கை எவ்வாறு பொறுப்பாகும்?” என்று வினவலாம். இதற்கு விடை கள்ளக்குறிச்சி மண்ணிலேயே உண்டு. இது கரும்பு வட்டாரம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சருக்கரை ஆலைகள் உள்ளன. அவ்வாலைகளின் கழிவுப்பாகிலிருந்து சாராயம் காய்ச்சலாம் என்பதால், 1958ஆம் ஆண்டு விதிகள் அப்பாகின் இருப்பையும் போக்கையும் உரிமத்திற்கு உட்படுத்தின. மறு ஆண்டில் வந்த விதிகள் மெதில் ஆல்ககாலைத் தம் தலைப்பிலேயே கொண்டன. எனவே சட்டம் இல்லாமையன்று குறை. பாகை ஆக்கும் ஆலை அதன் கணக்குக்குப் பொறுப்பேற்கின்றது. மெத்தனாலின் கணக்கோ ஒவ்வொரு கை மாறும்பொழுதும் அறுந்து போகின்றது.

அறுந்த கணக்கை இணைக்கும் வழிகள் அரியன அல்ல. ஒவ்வொரு பீப்பாய்க்கும் எண்ணிட்டு அவ்வெண்ணைக் கடைசிப் பயனாளர் வரை தொடர்தல்; வாங்குவோர் ஆக்கும் பொருளின் அளவையும் அவர் வாங்கும் மெத்தனாலின் அளவையும் ஒப்பிடுதல்; மூடப்பட்ட தொழிற்கூடத்தின் பெயரில் வரும் வேண்டுகோளை மறுத்தல்; மருந்துத் தொழில் போலத் தூய்மை வேண்டாத பயன்களுக்குச் செல்லும் சரக்கில் நிறமும், 1958இல் கண்டறியப்பட்ட டெனட்டோனியம் போன்ற கடுங்கசப்பும் சேர்த்தல் ஆகியவை அவ்வழிகள். இவற்றை அரசு மட்டும் செய்ய இயலாது. சரக்கை அறிந்தவர் ஆக்குவோரே.

7. முடிவுரை

மெத்தனாலைப் பெட்ரோலோடு நூற்றுக்கு 15 பங்கு கலந்து வண்டிகளுக்கு எரிபொருளாக்கும் திட்டத்தை நிதி ஆயோக் சில ஆண்டுகளாக முன்வைத்து வருகின்றது. சுற்றுச்சூழல் நோக்கில் அதற்குரிய காரணங்கள் உள. அது நிறைவேறின், இன்று ஆலைகளில் மட்டும் உள்ள இப்பொருள் நாட்டின் சாலைகளெல்லாம் செல்லும். வளங்குன்றா வளர்ச்சி என்ற பெயரால் பெருகும் ஒரு பொருள், கூலியாளின் குவளைக்குள் செல்லாமல் காக்கப்பெறாவிடின், அவ்வளர்ச்சி எவர்க்குக் குன்றாதது என்ற வினா எழும்.

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். கல்வராயன் மலையின் ஊறல் வறுமையும் ஆட்சியின் காலத்தாழ்வும் வளர்த்த பழைய தீமை. கருணாபுரத்து நஞ்சு மலையிற் பிறந்ததன்று. காட்டு மரத்திலிருந்து நிலக்கரிக்கும் எரிவாயுவிற்கும் மாறி அளவின்றிப் பெருகிய ஆலைத் தொழிலிற் பிறந்தது. எனவே அத்தொழிலின் சமூகப் பொறுப்பு அதன் வாயிற்கதவோடு முடிவதன்று. அதன் கடைசிப் பீப்பாய் வெறுமையாகும் இடத்திலேயே முடிவது. பண்ணுருட்டியிலும் எக்கியார்குப்பத்திலும் கருணாபுரத்திலும் மாண்டவர் தொகையை ஆண்டறிக்கை எதுவும் தன் கணக்கில் எழுதியதில்லை. அக்கணக்கைத் தொழிலோடு சேர்த்து எழுதி வைத்தல் வரலாற்று மாணவராகிய நம் கடனாகும்.