மேலே கம்பியே இல்லாமல் பெங்களூர் மெட்ரோ ரெயில் ஓடுவது எப்படி? எதில் ஆபத்து அதிகம்?

சென்னை மின்சார ரெயிலுக்கு தலைக்கு மேலே போகும் கம்பியில் இருந்து கரண்ட் கிடைக்கிறது. ஆனால் பெங்களூர் மெட்ரோ ரெயிலுக்கு மேலே கம்பியே கிடையாது. அப்படின்னா அந்த ரெயில் எப்படி ஓடுது?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

3-வது தண்டவாளம்

2011-ம் ஆண்டு தொடங்கிய பெங்களூர் மெட்ரோவில், சக்கரம் ஓடும் 2 தண்டவாளத்துக்கு பக்கத்தில் 3-வதாக ஒன்று போகிறது. அதில் 750 வோல்ட் டி.சி. மின்சாரம் பாய்கிறது. ரெயிலின் அடியில் உள்ள 'ஷூ' என்ற பாகம் அதை உரசியபடியே கரண்ட் எடுக்கிறது. கொல்கத்தா (1984), கொச்சி (2017) மெட்ரோக்களிலும் இதே முறைதான்.

சென்னையில் கம்பி

சென்னை கடற்கரை-தாம்பரம் இடையே 1931-ல் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியபோது மேல்கம்பியில் 1,500 வோல்ட் டி.சி. மின்சாரம் இருந்தது. 1960-களில் இது 25 ஆயிரம் வோல்ட் ஏ.சி. ஆக மாற்றப்பட்டது. 2015-ல் வந்த சென்னை மெட்ரோவுக்கும் 25 ஆயிரம் வோல்ட் மேல்கம்பிதான்.

எது லாபம்?

வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு கரண்ட் அதிகம் தேவை. வழியில் வீணாவதும் அதிகம். அதனால் 3-வது தண்டவாள முறைக்கு சில கிலோ மீட்டருக்கு ஒரு துணை மின்நிலையம் வேண்டும். 25 ஆயிரம் வோல்ட் கம்பிக்கு பல கிலோ மீட்டர் தள்ளி அமைத்தாலே போதும். நீண்ட தூர ரெயில்களுக்கு கம்பி ஏற்றதாக இருப்பது இதனால்தான்.

அதே நேரம், மேலே கம்பிக்கு இடம் விட வேண்டாம் என்பதால் 3-வது தண்டவாள முறையில் சுரங்கத்தை சிறியதாக தோண்டலாம். காற்றில் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்துபோகும் தொல்லையும் இல்லை. ஆனால் வெள்ளம் புகுந்தால் சிக்கல்.

எது ஆபத்து?

இரண்டுமே உயிரை குடிக்கும். 3-வது தண்டவாளம் காலுக்கு பக்கத்திலேயே இருக்கிறது. மேலே மூடி போட்டிருந்தாலும், பாதைக்குள் இறங்குவது ஆபத்து. லெவல் கிராசிங்கும், குறுக்கே நடப்பவர்களும் உள்ள சென்னை புறநகர் பாதைக்கு இது சரிப்பட்டு வராது.

2024 ஜனவரி 1-ந் தேதி பெங்களூர் இந்திரா நகர் நிலையத்தில், கீழே விழுந்த செல்போனை எடுக்க ஒரு பெண் பாதையில் இறங்கினார். உடனே மின்சாரம் நிறுத்தப்பட்டதால் உயிர் தப்பினார்.

மேல்கம்பி சுமார் 5½ மீட்டர் உயரத்தில் இருப்பதால் கீழே நிற்பவருக்கு ஆபத்து குறைவு. ஆனால் 'செல்பி' எடுக்க நின்ற ரெயில் மீது ஏறினால் ஆள் காலி. கம்பியை தொடவே வேண்டாம், நெருங்கினாலே கரண்ட் பாயும். கம்பியில் இருந்து 2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

எந்த ஊர் ரெயிலாக இருந்தாலும் சரி, பாதையில் பொருள் விழுந்தால் இறங்காதீங்க. நிலைய ஊழியரிடம் சொல்லுங்க. கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் 139-க்கு போன் செய்யுங்க. போன செல்போனை வாங்கிடலாம், போன உயிர் வராது.