ஒதுக்கீட்டுக்கு 40% வேணும்... ஆனா 40% இருந்தா எம்பிபிஎஸ் கிடையாது! மாற்றுத்திறனை அளப்பது எப்படி?

உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதைப் பெற குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்கணும். ஆனால் எம்பிபிஎஸ் விதியில் இன்னொரு வரி இருந்தது. பேச்சுக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவம் படிக்கவே தகுதியில்லை. அதாவது, பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒதுக்கீடு காகிதத்தில் இருக்கும், ஆனா யாரும் சேர முடியாது!

மகாராஷ்டிராவைச் சேர்ந்த மாணவர் ஒருவர் இந்த விதியை எதிர்த்து 2024-ல் உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருடைய பேச்சுக் குறைபாடு படிப்புக்கு உண்மையிலேயே தடையா என்று பார்க்கும்படி டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் குழுவை நீதிமன்றம் கேட்டது. தடையில்லை என்றது குழு. அவருக்கு சீட் கிடைத்தது. சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று பார்க்கணும், முடியாது என்றால் காரணத்தை எழுதணும் என்று அக்டோபர் 2024-ல் தீர்ப்பு வந்தது.

சதவீதம் எதை அளக்கிறது?

உடம்பை. கால் எவ்வளவு மடங்குது, காது எவ்வளவு கேட்குது என்பதுதான் அந்தக் கணக்கு. பிரச்சினை உடம்பில் இருக்கிறது, அதைச் சரி செய்யணும் என்ற இந்தப் பார்வைக்கு மருத்துவ மாதிரி என்று பெயர்.

இதை மறுத்தவர்கள் மாற்றுத்திறனாளிகளேதான். 1976-ல் பிரிட்டனில் அவர்களே நடத்திய ஓர் அமைப்பு, 'எங்களை முடக்குவது எங்கள் உடம்பு இல்லை, சமூகம்தான்' என்ற கருத்தை முன்வைத்தது. படிக்கட்டு மட்டும் உள்ள கட்டடத்தில் தப்பு காலிலா, கட்டடத்திலா? வீல் சேரில் வாழ்ந்த பேராசிரியர் மைக் ஆலிவர் 1983-ல் இதற்கு சமூக மாதிரி என்று பெயர் வைத்தார். உலகெங்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டங்கள் மாற இது பெரிய காரணம். ஆனாலும், எத்தனை சாய்தளம் கட்டினாலும் தீராத வலியும் அசதியும் இருக்கே? அதற்கு இந்த மாதிரியில் சரியான பதில் கிடையாது.

இரண்டையும் சேர்த்தால்?

உலக சுகாதார அமைப்பு 2001-ல் ஐசிஎஃப் என்ற வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. உடம்பு எப்படி இருக்கு, அந்த ஆளால் என்ன செய்ய முடியுது, வீடு, வேலை, ஊர் விசேஷம் இதிலெல்லாம் கலந்துக்க முடியுதா, சுற்றுச்சூழல் உதவுதா தடுக்குதா என்று எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறை இது. நடப்பதற்கு 'டி450' என்று ஒரு குறியீடு. உதவும் சூழலுக்கு மட்டும் கூட்டல் குறி போடுவார்கள்.

இதில் முக்கியமான ஒன்று, 'முடியும்' என்பதையும் 'செய்கிறார்' என்பதையும் பிரித்துப் பார்ப்பது. பக்கவாதம் வந்த ஒருவர் பிசியோதெரபி அறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து மீட்டர் நடப்பார். வீட்டுக்குப் போனால் உயரமான நிலைப்படி, ஈரமான பாத்ரூம், குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை. அங்கே அவரால் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அறையில் எடுத்த மார்க்கை நம்பி டிஸ்சார்ஜ் செய்தால் அடுத்த வாரம் வழுக்கி விழுந்து திரும்பி வருவார்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கு, அதுவும் வேலூரில். சிஎம்சி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். வீல் சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம், அதுதான் விஷயம். கால் பழையபடி வரவில்லை, ஆனால் அவர் மருத்துவராகவே இருந்தார். பிறகு அங்கே மறுவாழ்வுத் துறையையும் கட்டி எழுப்பினார்.

வயசு மாறினா கணக்கும் மாறும்

மூளை முடக்குவாதம் உள்ள நாலு வயசுக் குழந்தைக்குக் கேள்வி, மற்ற பிள்ளைகளோடு விளையாட முடியுதா என்பது. அதே ஆளுக்கு இருபத்தைந்து வயசில் கேள்வி வேலையும் பஸ்ஸும். அறுபதில் யார் துணையும் இல்லாமல் குளிக்க முடியுதா என்பது. வளரும் குழந்தைகளுக்காக 2007-ல் ஐசிஎஃப்-பின் தனிப் பதிப்பே வெளிவந்தது.

போலியோ இன்னொரு பாடம். இந்தியாவில் கடைசியாக இயற்கை போலியோ வைரஸ் பாதிப்பு பதிவானது 2011 ஜனவரியில். ஆனால் சின்ன வயசில் பாதிக்கப்பட்டு, கட்டைக்கோலோடு நடந்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தியவர்களில் சிலருக்கு பல பத்தாண்டுகள் கழித்து தசை மறுபடி பலவீனமாகிறது. வலி, கடுமையான அசதி. வைரஸ் திரும்பி வரவில்லை, இத்தனை வருஷம் கூடுதல் பாரம் சுமந்த நரம்பும் தசையும் களைத்துப்போவதே காரணமாகக் கருதப்படுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு 'இன்னும் உடற்பயிற்சி செய்யுங்க' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது ஆபத்து. ஓய்வையும் வேலையையும் பிரித்துத் திட்டமிடுவது, தேவைப்பட்டால் தயங்காமல் வீல் சேருக்கு மாறுவது இதெல்லாம்தான் சிகிச்சை.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

2016-ம் ஆண்டு சட்டம், மாற்றுத்திறனாளி என்பவர் யார் என்று சொல்லும்போதே, நீண்டகாலக் குறைபாடு தடைகளோடு சேரும்போது சமூகத்தில் சமமாகப் பங்கேற்க முடியாமல் போவதைத்தான் குறிப்பிடுகிறது. பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளையும் 21 ஆக்கியது. ஆனால் அதே சட்டத்தில்தான் 40 சதவீத அளவுகோலும் இருக்கு. சான்றிதழ் தரும் வாரியம் இன்றைக்கும் எழுதித் தருவது உடம்பின் சதவீதத்தைத்தான். தடை எங்கே இருக்கு என்று எழுத அந்தச் சான்றிதழில் இடமில்லை.